சுருக்கமும் விரிவும்: ஒரு எச்டிஎம்எல் குறிச்சொல்லின் கதை

டிடிஎஸ் என்று சொன்னால் உங்களுக்கு முதலில் எது நினைவுக்கு வரும்? பி.காம். படிக்கும் எங்களுக்கு வருமான வரி. சம்பளமோ வட்டியோ கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும் வரி. ஆனால் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மாட்ட வருபவரிடம் கேட்டால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு என்பார். சி.ஏ. என்றால் இன்னும் மோசம். ஆடிட்டர் படிப்பும் சி.ஏ., நடப்புக் கணக்கும் சி.ஏ., நடப்புச் சொத்துகளும் சி.ஏ. மூன்றுமே எங்கள் பாடங்களில் வரும். எழுதுகிறவருக்கு எது என்று தெரியும். படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வலைப்பக்கங்களில் இந்தச் சிக்கலைத் தீர்க்க 1997ல் ஒரு வழி செய்தார்கள். ஒன்றுக்கு இரண்டாகக் குறிச்சொற்களைக் கொடுத்தார்கள். அந்த இரண்டும் அடுத்த சில ஆண்டுகளில் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை. கணினித் துறை மாணவர்கள் எழுத வேண்டியதை ஒரு வணிகவியல் மாணவன் எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான் :-) ஆனால் இந்தக் கதையில் கணினியை விட மனிதர்கள்தான் அதிகம் வருகிறார்கள். அதனால் துணிந்து எழுதுகிறேன்.

குறிச்சொல் என்றால் என்ன?

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எச்டிஎம்எல் என்பது ஹைப்பர்டெக்ஸ்ட் மார்க்அப் லாங்வேஜ் என்பதன் சுருக்கம். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வலைப்பக்கத்துக்கும் அடியில் இருப்பது இதுதான். எழுத்துக்கு நடுவே சின்னச் சின்னக் குறிகளைப் போட்டு, இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று உலாவிக்குச் சொல்ல வேண்டும். உலாவி அந்தக் குறியைக் காட்டாது, அதன்படி நடந்துகொள்ளும். அச்சகத்துக்குப் போகும் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் 'இது தடித்த எழுத்தில்' என்று குறித்து அனுப்புவார்களே, அதே வேலை.

இதை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அப்போது அவர் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். இந்த செர்ன் என்பதே ஒரு வேடிக்கையான சுருக்கம். அணு ஆராய்ச்சிக்கான ஐரோப்பிய கவுன்சில் என்ற பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள் அவை. 1954ல் அந்த கவுன்சில் போய் நிரந்தர அமைப்பு வந்துவிட்டது. பெயர் மாறியது, சுருக்கம் மட்டும் மாறவில்லை. வேர்ல்ட் வைட் வெப் என்ற பெயரையும் பாருங்கள். முழுதாகச் சொன்னால் மூன்று சொல். 'சுருக்கி' டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்றால் மூச்சு வாங்குகிறது! ஆக, வலை பிறக்கும்போதே சுருக்கங்களோடுதான் பிறந்தது.

1995: காலாவதியான வரைவு

1994ல் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் என்ற அமைப்புதான் எச்டிஎம்எல்லின் விதிகளை நீண்டகாலம் வகுத்துவந்தது. இனிமேல் அதைக் கன்சார்ட்டியம் என்றே சொல்கிறேன்.

1995 மார்ச்சில் டேவ் ராகெட் என்பவர் எச்டிஎம்எல் 3.0 என்று ஒரு வரைவை எழுதினார். அதில் சுருக்கத்துக்கென ஒரு குறிச்சொல், முதலெழுத்துகளால் ஆன பெயருக்கென இன்னொரு குறிச்சொல் என்று இரண்டு இருந்தன. இந்தப் பிரச்சினையை ஆரம்பத்திலேயே ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்த வரைவு ரொம்பப் பெரியது. உலாவி செய்பவர்கள் அதை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்தில் வரைவு காலாவதியானது. 1997 ஜனவரியில் வந்த எச்டிஎம்எல் 3.2ல் இந்த இரண்டு குறிச்சொற்களும் இல்லை. அப்போது நெட்ஸ்கேப்புக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் உலாவிச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். படம் ஓடுவதும் எழுத்து மின்னுவதும்தான் பேச்சாக இருந்தது. சுருக்கத்துக்கு விளக்கம் எழுதுவதை யார் கவனிப்பார்கள்?

1997: இரட்டைப் பிள்ளைகள்

அதே 1997 டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 வந்தது. விட்டுப்போன இரண்டும் திரும்பி வந்தன. ஒன்றின் பெயர் ஏபிபிஆர். அப்ரிவியேஷன் என்ற சொல்லைச் சுருக்கி வைத்த பெயர். சுருக்கத்தை விளக்க வந்த குறிச்சொல்லே ஒரு சுருக்கம்! இன்னொன்றின் பெயர் அக்ரனிம். இது மட்டும் முழுப்பெயர்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. சுருக்கத்தை இந்தக் குறிச்சொல்லுக்குள் போட்டு, அதன் டைட்டில் என்ற பண்பில் முழுப்பெயரை எழுதிவைக்க வேண்டும். படிப்பவர் மவுஸை அந்தச் சொல்லின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால், ஒரு சின்னப் பெட்டி எழும்பி முழுப்பெயரைக் காட்டும். மொசில்லா போன்ற உலாவிகள் இப்படிப்பட்ட சொல்லின் கீழே ஒரு புள்ளிக்கோடும் போட்டன. 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று கூப்பிடும் கோடு.

சரி, இரண்டு எதற்கு? ஆங்கில இலக்கணக்காரர்கள் ஒரு வித்தியாசம் சொல்வார்கள். முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக உச்சரித்தால் அக்ரனிம். எழுத்தெழுத்தாகச் சொன்னால் அது வெறும் சுருக்கம். நம் பக்கத்து உதாரணம் சொல்வதென்றால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு அக்ரனிம். யாரும் எஸ்-ஈ-பி-ஐ என்று சொல்வதில்லை. ரிசர்வ் வங்கியைக் குறிக்கும் ஆர்பிஐ அப்படி இல்லை, எழுத்தெழுத்தாகத்தான் சொல்கிறோம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதி எழுதியவர்களே அதில் தடுமாறினார்கள். எச்டிஎம்எல் 4 ஆவணத்தில் ஏபிபிஆருக்கு உதாரணமாக டபிள்யூடபிள்யூடபிள்யூ வருகிறது. எழுத்தெழுத்தாகச் சொல்வது, சரி. அக்ரனிமுக்கு உதாரணம் ராடார். அதுவும் சரி. ஆனால் அதே பகுதியில் மேலை மொழிகளின் அக்ரனிம்களுக்கு உதாரணம் சொல்லும்போது நேட்டோவோடு எஃப்.பி.ஐ.யையும் சேர்த்துவிட்டார்கள். எஃப்.பி.ஐ.யை யார் ஒரே சொல்லாக உச்சரிக்கிறார்கள்? அப்படியானால் அது டபிள்யூடபிள்யூடபிள்யூவின் கூட்டத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

போதாததற்கு, ஒரே சுருக்கத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். தரவுத்தளங்களில் பயன்படும் எஸ்க்யூஎல்லைச் சிலர் சீக்வல் என்பார்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைக் குறிக்கும் எஃப்ஏக்யூவை ஒரே சொல்லாகச் சொல்பவர்களும் உண்டு. அப்போது எந்தக் குறிச்சொல் போடுவது? 2000களின் முதல் பாதியில் வலைவடிவமைப்பாளர்கள் இதைப் பற்றிச் சளைக்காமல் வாதாடினார்கள். பட்டிமன்றம் களைகட்டியது. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. 1998ல் வந்த சிஎஸ்எஸ் 2, அதாவது பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் காஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸின் இரண்டாம் பதிப்பு, ஒலிக்கும் விதி சொன்னது. ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக வாசி என்று கட்டளை கொடுக்க அதில் இடம் இருந்தது. இரண்டு குறிச்சொற்கள் தனித்தனியாக இருந்தால், கணினி ஒன்றை எழுத்தெழுத்தாகவும் மற்றதைச் சொல்லாகவும் வாசிக்கும் என்று நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எது எந்தக் கூட்டம் என்று மனிதர்களுக்கே தெரியாதபோது கணினி என்ன செய்யும்?

உலாவி செய்த கூத்து

இலக்கணச் சண்டையாவது பரவாயில்லை. நடைமுறையில் அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை ஒன்று இருந்தது. 2001 ஆகஸ்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 உலாவிக்கு அக்ரனிம் தெரியும், ஏபிபிஆர் தெரியாது! அன்று உலகில் பெரும்பாலானோர் கையில் இருந்தது அந்த உலாவிதான். ஏபிபிஆர் என்று எழுதினால் பெட்டியும் எழும்பாது, புள்ளிக்கோடும் போட முடியாது.

விளைவு என்ன? விதியை மதித்தவர் எழுதியது பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று நினைத்தவர், எல்லாச் சுருக்கத்தையும் அக்ரனிம் என்றே எழுதினார். இன்னும் சிலர் ஏபிபிஆருக்குள் ஸ்பேன் என்ற பொதுவான குறிச்சொல்லை நுழைத்து, அதில் முழுப்பெயரை எழுதி, இரண்டு பக்கத்தையும் சமாளித்தார்கள். 2006 அக்டோபரில் வந்த ஏழாம் பதிப்பில்தான் மைக்ரோசாஃப்ட் ஏபிபிஆரைச் சேர்த்தது. விதி வந்து கிட்டத்தட்ட ஒன்பது வருடம்! வணிகவியலில் ஏகபோகம் என்று ஒரு பாடம் உண்டு. சந்தையில் ஒரே ஆள் இருந்தால் விலை மட்டும்தான் கெடும் என்று நினைக்காதீர்கள். எந்தக் குறிச்சொல் வாழும் என்பதையும் அவரே முடிவு செய்வார். அந்த உலாவியையே 2022 ஜூனில் மூட்டைகட்டிவிட்டார்கள் என்பது வேறு கதை.

யாருக்காக இதெல்லாம்?

இவ்வளவு தூரம் சண்டை போட்டவர்கள் ஒரு கேள்வியை அடிக்கடி மறந்தார்கள். சுருக்கத்தின் விரிவு யாருக்குத் தேவை?

முதலில், அந்தத் துறைக்குப் புதியவருக்கு. அடுத்து, திரையைப் பார்க்க முடியாமல் காதால் கேட்டுப் படிப்பவருக்கு. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். 1989ல் வந்த ஜாஸ் அதில் பழையது. 2006ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ இலவசமாகக் கிடைப்பது. வேடிக்கை பாருங்கள், முன்னது சொல்லாக உச்சரிக்கும் சுருக்கம், பின்னது எழுத்தெழுத்தாகச் சொல்லும் சுருக்கம் :-)

1999 மே மாதம் கன்சார்ட்டியம், எல்லோரும் படிக்கக்கூடிய வலைப்பக்கத்தை எழுதுவது எப்படி என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் 4.2 என்ற விதி: ஒரு சுருக்கம் முதலில் வரும் இடத்தில் அதன் விரிவைக் கொடு. எப்படிக் கொடுப்பது என்பதற்கு இரண்டு குறிச்சொற்களையும் டைட்டிலையும் உதாரணமாகச் சொன்னார்கள். அதை ஒட்டியே, விரிவைப் பக்கத்தின் எழுத்திலேயே கொடுத்தால் அதுவும் உதவும் என்று இன்னொரு வரியும் இருந்தது.

என்னைக் கேட்டால் இந்த மொத்த வரலாற்றிலும் மிக முக்கியமான வரி அந்த இரண்டாவது வரிதான். அதைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. குறிச்சொல் போட்டால் கடமை முடிந்தது என்று நினைத்தார்கள்.

ஆனால் டைட்டிலில் எழுதியது மவுஸ் இருப்பவருக்கு மட்டுமே திறக்கும் பெட்டி. விசைப்பலகை மட்டும் வைத்து வேலை செய்பவருக்கு அது எழும்பாது. பல திரைவாசிப்பான்கள் தானாக அதை வாசிப்பதில்லை. அமைப்பைத் தேடி மாற்ற வேண்டும். பிறகு தொடுதிரைக் கைபேசிகள் வந்தன. விரலைத் திரைக்கு மேல் 'நிறுத்தி' வைக்க முடியுமா? இன்று நம்மில் பாதிப்பேருக்கு மேல் கைபேசியில்தானே படிக்கிறோம். யாருக்காக விரிவை எழுதினார்களோ, அவர்களுக்கே அது எட்டவில்லை.

2008: இரண்டு கோடியே எண்பதாயிரம்

இந்த மறதி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு சம்பவம். 2000களின் நடுவில் மைக்ரோஃபார்மட்ஸ் என்றொரு முயற்சி பிரபலமானது. வலைப்பக்கத்தில் இருக்கும் தேதி, முகவரி போன்றவற்றைக் கணினியும் புரிந்துகொள்ளும்படி குறித்துவைப்பது. தேதிக்கு ஏபிபிஆரைப் பிடித்தார்கள். மனிதருக்கு 'ஜூன் 23' என்று வெளியே எழுதி, கணினிக்கு 20080623 என்று டைட்டிலில் வைத்தார்கள். தேதியும் ஒரு வகைச் சுருக்கம்தானே என்பது வாதம்.

இப்போது ஒரு பார்வையற்றவர், பாவம், சுருக்கங்களை விரித்து வாசி என்று தன் திரைவாசிப்பானில் அமைத்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 23 என்று கேட்க வேண்டிய இடத்தில் அவருக்கு இரண்டு கோடியே எண்பதாயிரத்து அறுநூற்று இருபத்து மூன்று என்று கேட்கும்! வானொலியில் எந்த நிகழ்ச்சி எப்போது என்று பார்க்க வந்தவருக்கு இது எதற்கு?

2007ல் ஜேம்ஸ் கிரெய்க், புரூஸ் லாசன் என்ற இருவர் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். 2008 ஜூனில் பிபிசி, அதாவது பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம், தன் நிகழ்ச்சிப் பக்கங்களிலிருந்து அந்த முறையை எடுத்துவிட்டது. மனிதருக்கு விரிவு சொல்ல வந்த இடத்தில் கணினிக்கு எழுதியதுதான் தவறு. பிறகு எச்டிஎம்எல் 5ல் நேரத்துக்கென்று தனியாக ஒரு குறிச்சொல் வந்தது.

பட்டிமன்றத் தீர்ப்பு

2004ல் ஆப்பிள், மொசில்லா, ஓபெரா நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் தனிக்குழு அமைத்து எச்டிஎம்எல்லை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் பலனான எச்டிஎம்எல் 5ஐக் கன்சார்ட்டியம் 2014 அக்டோபரில் முறைப்படி வெளியிட்டது. அதில் அக்ரனிம் கிடையாது. ரொம்பக் குழப்பம் உண்டாக்கியது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். எல்லாச் சுருக்கத்துக்கும் ஏபிபிஆர் ஒன்றே போதும் என்று முடித்துவிட்டார்கள். பெரிய உலாவியில் பல ஆண்டுகள் இடம் கிடைக்காத பிள்ளை பிழைத்தது. எல்லா இடத்திலும் செல்லமாக இருந்த பிள்ளை போய்ச் சேர்ந்தது.

2008 டிசம்பரில் வந்த புதிய வழிகாட்டியும் ஒரே வழியைப் பிடித்துத் தொங்கவில்லை. எழுத்திலேயே விரித்துச் சொல்லலாம், விளக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம், சொற்பட்டியல் வைக்கலாம், ஏபிபிஆரும் போடலாம் என்றது. ஆனால் அதை ஆக உயர்ந்த மூன்றாம் நிலையில், பலர் தொடாத படியில் வைத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

தமிழில் எழுதினால்?

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் சுருக்கம் தனியாக நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆர்பிஐயின் என்று எழுதினால், ஆர்பிஐ வரை குறிச்சொல்லுக்குள் வைத்து, மீதியை வெளியே விடலாம். வருமான வரித் துறை கொடுக்கும் நிரந்தரக் கணக்கு எண்ணான பான் என்பதோடு ஐ சேர்ந்தால்? பானை! 'பானை ஆதாரோடு இணைக்கவும்' என்று படித்தால் சமையலறைக்குப் போக வேண்டியதுதான் :-) ன என்ற எழுத்திலேயே உருபு கலந்துவிட்டதால் குறிச்சொல்லை எங்கே மூடுவது? முழுச் சொல்லையும் உள்ளே வைத்தால் விரிவையும் 'எண்ணை' என்று உருபோடு எழுத வேண்டும். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த சட்டையை நாம் போடும்போது கை கொஞ்சம் நீளம், தோள் கொஞ்சம் இறுக்கம்.

சுருக்கம் நமக்குப் புதிதும் இல்லை. பழைய கணக்குகளிலும் பத்திரங்களிலும் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று எழுதினார்கள். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு 2003ல் தன் 4.0 பதிப்பில் இவற்றைச் சேர்த்தது. அங்கே ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் இது பற்றுக்குறி, இது வரவுக்குறி என்று பெயரிலேயே விரிவு பதிவாகிவிட்டது. கணக்கு படிக்கும் என் வகுப்பில் இந்தக் குறிகளைப் பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சங்கடம்தான். அன்று கணக்குப்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தது, இன்று கணக்கு மாணவனுக்குத் தெரியாது. 'இது எல்லோருக்கும் தெரியும்' என்ற நினைப்பின் ஆயுள் அவ்வளவுதான்.

கடைசியாக

ஒரு வங்கி அறிவிப்பில் 'உங்கள் கணக்கு என்பிஏ ஆகிவிட்டது' என்று மட்டும் இருந்தால், அதைப் படிக்கும் சிறு கடைக்காரருக்கு என்ன புரியும்? தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்ததால் கடன் வராக்கடன் பட்டியலுக்குப் போய்விட்டது என்று எழுதினால் அவர் அன்றைக்கே ஓடிப்போய் ஏதாவது செய்வார். மூன்று எழுத்துக்கும் ஒரு வரிக்கும் நடுவில் அவருடைய கடையே இருக்கிறது. அந்த ஒரு வரியை மவுஸ் பெட்டிக்குள் ஒளித்துவைத்தால் யாருக்கு லாபம்?

ஏபிபிஆர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போடுங்கள். ஆனால் முதல் முறை முழுப்பெயர், அதன் பக்கத்திலேயே சுருக்கம், அடுத்த முறையிலிருந்து சுருக்கம் மட்டும் என்ற பழைய ஒழுங்குக்கு எந்த உலாவியின் தயவும் வேண்டாம். மவுஸ் வேண்டாம். தேர்வுத்தாளிலும் அது வேலை செய்யும், கைபேசியிலும் வேலை செய்யும், காதால் கேட்டாலும் வேலை செய்யும். அடுத்த மாதம் புராஜெக்ட் அறிக்கை எழுதப்போகும் என் வகுப்புத் தோழர்களே, உங்கள் அறிக்கையில் முதல் ஈபிஐடிடிஏ வரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வட்டி, வரி, தேய்மானம், புலனாகாச் சொத்துகளின் மதிப்புக் கழிவு இவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம் என்று ஒரு முறை எழுதிவிட்டுப் போங்கள். அரை வரிதான் செலவு.